பதினான்காவது பிரிவு

கடல் தெரியும் என்றார் தேவநாதன்.
தெரிந்தது,
எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிக்கும்
லிஃப்ட் அறைக்கும் நடுவே
ஒரு ரிப்பன் அகலத்துக்கு.
அந்த ரிப்பனுக்கு மாதம் மூவாயிரம் கூடுதல் என்பதைக்
கதவைப் பூட்டிவிட்டுச் சொன்னார்.

ஒரு படுக்கையறை, ஒரு கூடம்,
திரும்பினால் முழங்கை இடிக்கும் சமையல் மேடை,
ஷவருக்கு மட்டும் கண்ணாடிக் கதவு.
"தனியாவா மேடம்?"
தனியாகத்தான்.
"எங்க வேலை?"
ஜிப்மரில், ரத்த வங்கி.
"அப்பச் சரி" என்றார்,
என்னவோ ஆஸ்பத்திரிக்கு வாழ்க்கைப்பட்டவள் மாதிரி.

வீட்டுக்காரர் மதாம் ஃப்ளோரா
பாரிசுக்குப் பக்கத்தில் எங்கேயோ இருக்கிறார்.
வாட்ஸப்பில் ஒப்பந்தத்தை வாசித்தார்,
பிரிவுக்குப் பிரிவு "தக்கோர்?" என்று நிறுத்தி.
பதினோரு மாதம், தக்கோர்.
ஆணி அடிக்கக் கூடாது, தக்கோர்.
பால்கனியில் துணி காயப்போட்டால் முகப்பு கெடும், தக்கோர்.
பதினான்கு: கடற்காற்றால் வரும் துருவுக்கு
வாடகைதாரரே பொறுப்பு.

சிரித்துவிட்டேன்.
அவர் ஜன்னலுக்குப் பின்னால் பனி பெய்துகொண்டிருந்தது.
அவர் சிரிக்கவில்லை.
கையெழுத்துப் போட்டேன்.
அன்றிலிருந்து
வங்கக் கடல் செய்யும் தப்புக்கெல்லாம்
ஜாமீன் நான்.

குருசுக்குப்பம், அஸூர் ரெசிடென்சி, மூன்றாம் மாடி.
ஒரு வாரமாக கேஸ் சிலிண்டர் வரவில்லை.
"அசோக் ரெசிடென்சியா?"
அஸூர்.
"அசுரரா?"
காவலர் அஞ்சாபுலி என் போனை வாங்கி
"பழைய ஐஸ் கம்பெனிப்பா" என்றார்.
ஏழே நிமிடம்.

இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன்.
அந்த ஐஸ் கம்பெனியை நான் பார்த்ததில்லை.
பாளம் பாளமாய் அறுத்துக் கொடுத்தார்களா,
பொடித்துக் கூடையில் கொட்டினார்களா, தெரியாது.
ஆதாரில் முகவரி மாற்றும்போது
'அருகில்' என்றிருந்த கட்டத்தில் அதையே எழுதினேன்.
இல்லாத ஒன்றுக்கு அருகில் இருக்கிறேன்,
சரியாகச் சொன்னால்
அதன் மேல்.

துணி?
இரவு பதினொன்றுக்கு மேல், மொட்டைமாடி.
அதுவும் கூடாதுதான்.
ஆனால் அந்நேரம் முகப்புக்குக் கண் கிடையாது.
நான் மட்டும்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தேன்.
ஏசி யூனிட்டுகளுக்குப் பின்னால் 2பி-காரர்
ஒரு சின்ன யூனிஃபார்மை உதறிக்கொண்டிருந்தார்.
இருவரும் திடுக்கிட்டோம்.
ஒரு நிமிடம் கழித்துத் தன் துணிகளை நெருக்கித் தள்ளி
பாதிக் கயிற்றைக் காலிசெய்தார்.

அவர் பெயர் தெரியாது.
லிஃப்ட்டில் பார்த்தால் வணக்கம்கூட இல்லை.
கிளிப் போதாத இரவுகளில் மட்டும்
இருட்டிலிருந்து ஒரு கை நீளும்,
அவருடையதோ என்னுடையதோ.

அங்கிருந்து கடல் முழுசாக இருக்கிறது,
தொட்டி இல்லை, லிஃப்ட் அறை இல்லை.
கருங்கற்களில் மோதுவது கேட்கும்,
தூரத்தில் நான்கைந்து படகு விளக்குகள்,
மற்றபடி கறுப்பு.
கண்ணுக்குத் தெரியாததால்
தேவநாதன் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை போல.

எட்டாவது மாதம்
பால்கனிக் கம்பி பொரிந்தது.
விரலால் தடவினால் மிளகாய்ப்பொடி மாதிரி ஒட்டியது.
படம் எடுத்து அனுப்பினேன்.
'அட்வான்ஸில் பார்த்துக்கொள்ளலாம்'
என்று பதில் வந்தது, கூடவே ஒரு பூ.

மறுநாள் என் வெள்ளைக் கோட்டின் தோளில்
மாடிக் கொக்கி பட்ட இடம் பழுப்பாய்.
"ரத்தமா?" என்றாள் செலின்.
இல்லை. ரத்தம் எப்படிக் காயும் என்று
எங்கள் இருவருக்குமே தெரியும்.
துரு, என்றேன்.
இதற்கு எந்தப் பிரிவு என்று யோசித்துக்கொண்டே
பைகளில் தேதி ஒட்டினேன்.

எலுமிச்சம்பழத்தை அறுத்து
உப்புத் தொட்டுத் தேய்த்தால் போய்விடும் என்றாள்.
"உப்பா?" என்றேன்.